ஏழு கறியின் வரிசை

எங்கள் வீட்டில் ஏதோ சரியில்லை என்பதை முதலில் சொன்னது மருத்துவர் அல்லர், அடுப்படிதான். 2019ஆம் ஆண்டுத் தைப்பூசக் காவடி முடிந்து, பத்து நாள் விரதத்தை விட்ட உறவினர்களுக்கு ரோஸ் ஹில் வீட்டில் அம்மா ஏழு கறிச் சாப்பாடு செய்தார். மொரிஷியஸில் வளர்ந்தவர்களுக்கு ஏழு கறி என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. வாழையிலையில் சோறும் பருப்பும் ரசமும், அவற்றைச் சுற்றிப் பூசணி, வாழைக்காய், பலாக்காய், கீரை, கத்தரிக்காய் என்று அடுக்கி, ஓரத்தில் பாயசமும் அப்பளமும் வைப்பார்கள். நாற்பது ஆண்டுகளாக அந்தச் சமையலை இரண்டே அடுப்பில், யாருடைய உதவியும் இல்லாமல், எல்லாம் ஒரே நேரத்தில் சூடாக இலைக்கு வரும்படி செய்து முடித்தவர் அம்மா. அந்த ஆண்டு ரசம் கொதித்து ஆறிப்போன பிறகுதான் அரிசி களைந்தார். பலாக்காய் வெந்து குழைந்த நேரத்தில் வாழைக்காய் தோல்கூடச் சீவப்படாமல் கிடந்தது. சமையல் முடிந்தபோது மணி மூன்று. ஆனால் எந்தக் கறியையும் தனியாக எடுத்துச் சுவைத்தால் குறை சொல்ல முடியாது. உப்பும் புளியும் அளவாக இருந்தன. கைமணம் அப்படியே இருந்தது, கணக்கு மட்டும் போயிருந்தது.

வயதாகிவிட்டது, விரதக் களைப்பு என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். அம்மாவுக்கு அப்போது அறுபத்தொன்பது வயது. சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்பட்டது நாற்பத்திரண்டாம் வயதில் என்பதால், அதனோடு இருபத்தேழு ஆண்டுகள் வாழ்ந்திருந்தார். நினைவைப் பற்றி எங்களுக்குச் சந்தேகமே எழவில்லை. 1975இல் ஜெர்வேஸ் புயல் அடித்தபோது எந்த வீட்டுத் தகரம் எந்தத் தோட்டத்தில் போய் விழுந்தது என்பதிலிருந்து, போன வாரம் வந்த சித்தி என்ன நிறச் சேலை கட்டியிருந்தார் என்பது வரை எல்லாவற்றையும் சொன்னார். முருகன் பாடல்களை வரி பிசகாமல் பாடினார். இத்தனையும் நினைவிருக்கும் ஒருவருக்கு மூளையில் கோளாறு இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

இதில் நம்முடைய சொல்லுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் எண்ணம். டிமென்ஷியாவைத் தமிழில் ‘மறதிநோய்’ என்று எழுதுகிறோம். அந்தச் சொல் நம்மை மறதிக்காகக் காத்திருக்க வைக்கிறது. பெயரை மறந்தால், வழியை மறந்தால், சொன்னதையே திரும்பச் சொன்னால் மட்டும் விழித்துக்கொள்கிறோம். நெடுங்காலச் சர்க்கரை நோய் மூளையில் விளைவிக்கும் கேடோ பல நேரங்களில் மறதியாகத் தொடங்குவதில்லை. முதலில் குறைவது வேகம். அடுத்துக் குறைவது, பல வேலைகளை வரிசைப்படுத்தி, ஒன்றைச் செய்யும்போதே அடுத்ததை மனத்தில் வைத்துக்கொண்டு, இடையில் திட்டத்தை மாற்றிக்கொள்ளும் திறன். ஏழு கறிச் சமையல் இந்தத் திறனுக்கான தேர்வு என்பது எனக்கு அன்று தெரியவில்லை. தமிழ்ப் பள்ளி ஆசிரியையான நான் எத்தனையோ பிள்ளைகளின் தேர்வுத்தாளைத் திருத்தியவள். அம்மாவின் தாளைத் திருத்தத் தெரியாமல் இருந்தேன்.

உடல் எடையில் மூளை ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆனால் ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. தனக்கென்று சேமிப்பு வைத்துக்கொள்ளாத உறுப்பு அது. குளுக்கோசும் ஆக்சிஜனும் இரத்தத்தின் வழியே நொடி தவறாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். அப்படியானால் சர்க்கரை மிகுந்த இரத்தம் மூளைக்கு விருந்தாக அல்லவா இருக்க வேண்டும் என்று அம்மாவே ஒருமுறை கேட்டார். உணவைச் சுமந்து வரும் குழாய்களிடம்தான் சிக்கல் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் மிகுந்திருக்கும் சர்க்கரை நுண்ணிய இரத்தக் குழாய்களின் உள்தோலைப் புண்படுத்துகிறது. குழாய்ச்சுவர் தடித்து விறைக்கிறது. மூளையின் ஒரு பகுதி கடுமையாக வேலை செய்யும்போது அப்பகுதிக்கு மட்டும் இரத்தத்தைக் கூட்டி அனுப்பும் நெகிழ்வு குறைகிறது. இரத்தக் கொதிப்பும் கூடச் சேர்ந்துவிட்டால் தேய்மானம் இன்னும் கூடுகிறது.

நவம்பர் மாத வறட்சியில் இங்கே குழாயில் தண்ணீர் எப்படி வரும் என்பதை அறிந்தவர்களுக்கு மேற்கொண்டு புரிந்துகொள்வது எளிது. அழுத்தம் குறைந்தால் முதலில் காய்வது குழாய் வரிசையின் கடைசி வீடு. மூளையின் உட்பகுதியில் உள்ள வெண்பொருள் அப்படிப்பட்ட கடைசி வீடு. மூளையின் வெவ்வேறு பகுதிகளை, குறிப்பாக முன்பகுதியை மற்ற பகுதிகளோடு இணைக்கும் நரம்பிழைகள் அங்கேதான் ஓடுகின்றன. அவற்றுக்கு இரத்தம் தருபவை நீண்டு மெலிந்த குழாய்களின் நுனிகள். அங்கே இரத்தம் குறையக் குறைய, எம்ஆர்ஐ படத்தில் வெண்திட்டுகள் தோன்றுகின்றன. சில இடங்களில் யாரும் உணராத சின்னஞ்சிறு பக்கவாதங்கள் நிகழ்ந்து, மிளகளவுக் குழிகளை விட்டுச் செல்கின்றன. நினைவுகள் இருக்கும் இடத்தில் இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று இணைத்து நேரத்தில் கொண்டுவரும் கம்பிதான் பழுதாகிறது. அம்மாவுக்குப் பலாக்காய்க் கறி தெரியும், ரசம் தெரியும்; ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் பாதைதான் மெதுவாகியிருந்தது.

நுண்குழாய்களுக்கு நேரும் கேட்டை வெளியிலிருந்து கண்ணால் பார்க்கக்கூடிய ஓரிடம் விழித்திரை. அம்மாவுக்கு 2008இலேயே விழித்திரையில் கசிவு கண்டு லேசர் சிகிச்சை செய்தார்கள். கண் பிழைத்ததில் எல்லோருக்கும் நிம்மதி. விழித்திரையும் மூளைத் திசுவின் நீட்சியே; அங்கே குழாய் கெட்டிருந்தால் தலைக்குள்ளும் கெட்டிருக்க வாய்ப்பு மிகுதி என்று அன்று ஒருவரும் எங்களிடம் சொல்லவில்லை. கண்ணுக்கு ஒரு மருத்துவர், காலுக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர் என்று நோய் பிரிக்கப்பட்டிருந்தது. மூளைக்கு மட்டும் சீட்டே எழுதப்படவில்லை.

டிமென்ஷியாவின் ஒரு வகையான அல்சைமர் நோய்க்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பு இதைவிடச் சிக்கலானது. மூளையில், குறிப்பாக நினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸில், இன்சுலின் ஏற்பிகள் நிறைய உள்ளன. இன்சுலினுக்கு அங்கேயும் வேலை உண்டு. இன்சுலினைச் சிதைக்கும் நொதி ஒன்றே அல்சைமர் நோயோடு தொடர்புடைய அமிலாய்டு புரதத்தையும் சிதைக்கிறது என்பதால், இரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருக்கும்போது அந்த நொதி அமிலாய்டைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறதோ என்று கேட்கிறார்கள். 2005இல் அமெரிக்க ஆய்வாளர் சூசன் டி லா மாண்டேயும் அவருடைய குழுவினரும் அல்சைமரை ‘மூன்றாம் வகை நீரிழிவு’ என்று அழைக்கப் போக, அந்தப் பெயர் செய்தித்தாள்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. எனக்கு அது பிடிக்கவில்லை. இறந்த பிறகு மூளையை ஆராய்ந்த பல ஆய்வுகளில் சர்க்கரை நோயாளிகளிடம் தெளிவாக மிகுந்து காணப்பட்டது இரத்த ஓட்டம் தடைப்பட்டு இறந்த திசுக்கள்தாம். அமிலாய்டு படிவு அப்படி ஒரேசீராக மிகுந்திருக்கவில்லை. குழாய்க் கேடு ஏற்கெனவே பலவீனப்படுத்திய மூளையில் அல்சைமர் நோயும் சேரும்போது அதன் வெளிப்பாடு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

எண்களுக்கு வருவோம். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் முதியவர்களைப் பின்தொடர்ந்து 1999இல் வெளியான ஆய்வு, சர்க்கரை நோய் இருப்போருக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று கண்டது. அதற்குப் பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்குகள் மொத்தத்தில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்கின்றன. இரத்தக் குழாய் சார்ந்த டிமென்ஷியாவுக்கு மட்டும் இரு மடங்கைத் தாண்டுகிறது. பிரிட்டன் அரசு ஊழியர்களை வைத்து நடந்த வைட்ஹால் ஆய்வின் 2021ஆம் ஆண்டு முடிவுதான் என்னை நிறுத்தி வைத்தது. எழுபது வயதைத் தொடுவதற்குப் பத்தாண்டுக்கு மேல் முன்பே சர்க்கரை நோய் வந்தவர்களுக்கு, எழுபதில் அந்த நோயே இல்லாதவர்களைவிட, டிமென்ஷியா வாய்ப்பு இரு மடங்குக்குச் சற்றுக் கூடுதல். நோய் தொடங்கும் வயது ஒவ்வோர் ஐந்து ஆண்டு முன்தள்ளும்போதும் ஆபத்து ஏறத்தாழ கால் பங்கு கூடுகிறது. நாற்பத்திரண்டில் தொடங்கிய அம்மாவின் கணக்கை நான் தாளில் போட்டுப் பார்க்கவில்லை. இந்த எண்கள் கூட்டத்தைப் பற்றியவை, ஒரு தனி மனிதருக்கு என்ன நடக்கும் என்பதைச் சொல்பவை அல்ல என்பதையும், சர்க்கரை நோயாளிகள் பலர் கடைசிவரை தெளிவாக வாழ்கிறார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தீவில் வயது வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் உண்டு என்பதால் இது எங்கள் குடும்பக் கதையோடு முடிவதில்லை. ‘நம்முடைய இரத்தம் அப்படி’ என்று கோவில் வாசலில் கைவிரிப்பவர்களுக்காக ஒரு செய்தி. 1987இல் இங்கே நடந்த முதல் தேசிய ஆய்வில், இந்திய வம்சாவளியினர், ஆப்பிரிக்க வேர் கொண்ட கிரியோல் மக்கள், சீன வம்சாவளியினர் எல்லோரிடமும் நோயின் அளவு ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருந்தது. முன்னோர் வேறு வேறு. கரும்புத் தோட்டத்திலிருந்து நாற்காலிக்கு வந்த வாழ்க்கை ஒன்று. அதே ஆண்டில் பங்கீட்டுச் சமையல் எண்ணெயைப் பாமாயிலிலிருந்து பெரும்பகுதி சோயா எண்ணெய்க்கு அரசு மாற்றியதும், அடுத்த ஐந்தாண்டில் மக்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் நன்றாகவே இறங்கியது. சர்க்கரை நோய் அப்படி இறங்கவில்லை. அதை இறக்க எண்ணெய் டின்னை மாற்றுவது போதாது.

2020 காவடி விரதத்தின்போது நடந்ததைச் சொல்லியாக வேண்டும். கொடியேறிய நாள் முதல் அம்மா இரவுச் சாப்பாட்டை விட்டுப் பாலும் பழமும் மட்டும் எடுத்துக்கொண்டார். சர்க்கரை மாத்திரைகளை மட்டும் விடவில்லை. ஆறாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் படுக்கையில் வியர்வையில் நனைந்து, நாக்குக் குழறி, என்னை என் அத்தையின் பெயர் சொல்லி அழைத்தார். விரலில் குத்திப் பார்த்தபோது கருவி 2.1 காட்டியது, இந்தியாவில் பயன்படும் அளவில் சொன்னால் முப்பத்தெட்டுக்கு அருகில். விழுங்கும் நிலையில் இருந்ததால் சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். பிறகு மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தால், கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரையை முந்தின நாள் மாலை அவர் இரண்டு முறை போட்டிருந்தார். சமையலில் சிதைந்த அதே வரிசைதான் மாத்திரையிலும் சிதைந்திருந்தது. நாங்கள் சமையலைக் கவனித்தோம், மாத்திரையைக் கவனிக்கவில்லை.

அன்று எங்களைப் பார்த்த மருத்துவர் அம்மாவின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.3 என்று படித்துவிட்டு, அருமையான கட்டுப்பாடு என்று பாராட்டினார். எனக்கு அந்தப் பாராட்டு இன்றும் உறுத்துகிறது. எழுபது வயதில், மாத்திரையை இரட்டித்துப் போடும் ஒருவருக்கு 6.3 என்பது வெற்றி அன்று. அது பள்ளத்தின் விளிம்பில் நடப்பதற்குச் சமம். கலிஃபோர்னியாவில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட முதிய சர்க்கரை நோயாளிகளை வைத்து 2009இல் வெளிவந்த ஆய்வில், மருத்துவமனைக்குப் போகுமளவு சர்க்கரை தாழ்ந்தவர்களுக்குப் பின்னாளில் டிமென்ஷியா மிகுதியாக வந்தது. ஒருமுறைக்கு மேல் தாழ்ந்தவர்களுக்கு இரு மடங்கை நெருங்கியது. இது இருபுறமும் அறுக்கும் வாள். தாழ்சர்க்கரை மூளையைக் கெடுக்கிறது, கெட்ட மூளை மாத்திரையைத் தவறவிட்டு மீண்டும் தாழ்சர்க்கரையை வரவழைக்கிறது.

சர்க்கரையை இன்னும் கடுமையாகக் குறைத்தால் மூளை பிழைக்கும் என்ற எதிர்பார்ப்பும் சோதித்துப் பார்க்கப்பட்டதுதான். வட அமெரிக்காவில் ஏறத்தாழ மூவாயிரம் பேரை வைத்து நடந்த அக்கார்டு-மைண்ட் ஆய்வில் ஒரு பிரிவினருக்கு எச்பிஏ1சியை 6க்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள். மற்றவர்களுக்கு 7 முதல் 7.9 வரை என விட்டார்கள். நாற்பது மாதங்களுக்குப் பிறகு கடுமையான பிரிவினரின் மூளையின் கன அளவு சற்றே கூடுதலாக இருந்தது. சிந்தனைத் திறனிலோ வேறுபாடு இல்லை. இதைத் தாங்கிய மூல ஆய்வில் அந்தப் பிரிவில் இறப்புகள் மிகுந்ததால் 2008இல் அந்தச் சிகிச்சையையே நிறுத்த நேர்ந்தது. இதைப் படித்துவிட்டு, சர்க்கரை எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பது வேறு. முப்பது ஆண்டு தேய்மானத்துக்குப் பிறகு எழுபதில் அதை இழுத்துப் பிடிப்பது வேறு.

பிறகு வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் சர்க்கரைப் புத்தகத்தைத் திறக்கும் முன் அம்மாவிடம் ஒரு தாளைக் கொடுத்து, வட்டம் போட்டு, எண்களை எழுதி, பதினொன்று பத்து என்ற நேரத்தைக் காட்டச் சொன்னார். அம்மா பன்னிரண்டு எண்களையும் அழகாக எழுதினார். ஒரு முள்ளைப் பதினொன்றிலும் மற்றதைப் பத்திலும் வைத்தார். ‘பத்து’ என்ற சொல் காதில் விழுந்ததும் கை பத்தை நோக்கிப் போய்விட்டது. பத்து நிமிடம் என்றால் இரண்டு என்று மாற்றிக்கொள்ளும் அந்த ஒரு படி நழுவியது. ஐந்து சொற்களைச் சொல்லி, சற்றுப் பொறுத்துத் திரும்பக் கேட்டபோது நான்கைச் சரியாகச் சொன்னார். முப்பதுக்கு இருபத்தொன்று. மோக்கா (MoCA) எனப்படும் அந்தச் சோதனையில் இருபத்தாறிலிருந்து இயல்பு என்பார்கள். குறைவாகப் படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டித் தருவதும் உண்டு. அதையும் சேர்த்துத்தான் இருபத்தொன்று. எங்கள் சோதனை கிரியோல் மொழியும் பிரெஞ்சும் கலந்து நடந்தது. குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் அடுக்கச் சொல்லும் பகுதியில் அம்மா தடுமாறியது நோயாலா, ஆறாம் வகுப்போடு நின்ற பிரெஞ்சாலா என்பதை அந்த மருத்துவர் பெருந்தன்மையோடு திறந்தே விட்டுவைத்தார். தமிழிலும் இந்தச் சோதனைக்கு வடிவம் உண்டு. வயதானவர்களைக் கூட்டிச் செல்பவர்கள் மொழியைப் பற்றி முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

அவர் அடுத்துக் கேட்ட கேள்வி மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பற்றியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அதை எடுத்துக்கொள்பவர்களில் கணிசமானோருக்கு பி12 வைட்டமின் குறையும். மரக்கறி மட்டும் உண்பவர்களுக்கு அது இன்னும் எளிதாகக் குறையும். பி12 குறைந்தால் கால் மரத்துப்போவதோடு சிந்தனையும் மந்தமாகும். அம்மாவுக்கு மிகவும் குறைந்திருந்தது. ஊசிகள் போட்ட சில மாதங்களில் கால் எரிச்சல் தணிந்தது. முகத்தில் ஒரு சுறுசுறுப்பு வந்தது. வரிசை முழுதாகத் திரும்பவில்லை. தைராய்டு, காது கேட்கும் திறன், மனச்சோர்வு ஆகியவற்றையும் பார்த்தார்கள். எளிய இரத்தச் சோதனையில் தெரியும் ஒன்றை, திருத்தக்கூடிய ஒன்றை, இத்தனை ஆண்டு விட்டுவைத்தோமே என்பதில் எனக்குள்ள வருத்தம் பெரிது.

சிகிச்சையின் இலக்கும் மாறியது. தாழ்சர்க்கரையை உண்டாக்கக்கூடிய மாத்திரையை நிறுத்தி, எச்பிஏ1சி 8க்குள் இருந்தால் போதும் என்றார். சிந்தனைத் திறன் குறைந்த முதியவர்களுக்கு அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதலும் அதுவே. அறுபத்தைந்தைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகளை ஆண்டுதோறும் இப்படிச் சோதிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. விட்டுப்போன கவனத்தையெல்லாம் இரத்தக் கொதிப்பின் மேல் வைத்தார். கொதிப்பை 120க்குக் கீழே வைத்தால் லேசான அறிதிறன் குறைவு ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று 2019இல் காட்டிய ஸ்பிரிண்ட்-மைண்ட் ஆய்வு சர்க்கரை நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எனவே அந்த எண்ணை அப்படியே அம்மாவுக்குப் பொருத்த முடியாது என்று அவரே சொன்னார். ஆனாலும் நுண்குழாய்களைப் பற்றி மேலே எழுதியதை நினைத்தால், நம் வீடுகளில் சர்க்கரைக்குக் கொடுக்கும் மரியாதையில் பாதிகூடக் கொதிப்புக்குக் கொடுப்பதில்லை என்றே தோன்றுகிறது. வீட்டுக்கு வீடு சர்க்கரைக் கருவி இருக்கிறது. கொதிப்புக் கருவி இருக்கும் வீடுகளை விரல்விட்டு எண்ணலாம்.

சாப்பாட்டைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். தால் பூரியையும் அலுடா என்ற இனிப்புப் பால் பானத்தையும் பற்றி இன்னொரு உபதேசம் இங்கே வேண்டாம். ஃபின்லாந்தில் 1,260 முதியவர்களை வைத்து இரண்டாண்டு நடந்து 2015இல் வெளியான ஃபிங்கர் ஆய்வு உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்தக் குழாய்க் கவனிப்பு நான்கையும் ஒன்றாகச் சேர்த்தபோது சிந்தனைத் திறன் சற்றுக் கூடியதைக் காட்டியது. அதனால் மாலையில் அம்மாவை நடைப் பாதைக்கு அழைத்துச் செல்கிறேன். நடக்கும்போது பாடச் சொல்கிறேன், அதற்கு ஆய்வு எதையும் நான் சான்று காட்ட முடியாது.

மாத்திரைகள் இப்போது கிழமைப் பெட்டியில் இருக்கின்றன, திறப்பது நான். விரத நாட்களில் எதை நிறுத்துவது என்பதைக் கொடியேற்றத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்கிறோம். அம்மா இன்னும் சமைக்கிறார். இந்த ஆண்டு ஏழு கறிக்கு, எதை எப்போது அடுப்பேற்றுவது என்று ஒரு தாளில் எழுதிக் குளிர்ப்பெட்டியின் கதவில் ஒட்டினேன். மொரிஷியஸ் ரூபாய்த் தாள்களில் இருக்கும் தமிழ் எண்களை அம்மாவுக்கு மிகவும் பிடிக்கும் என்பதால் ௧ முதல் ௭ வரை அவற்றிலேயே எழுதினேன். நான் படிக்கப் படிக்க அவர் செய்தார். ஐந்தாவதுக்குப் போகும்போது மூன்றாவதை ஒருமுறை திரும்பத் தொடங்கினார், நிறுத்தினோம். சோறு சூடாக இலைக்கு வந்தது. மணி ஒன்று. எல்லோரும் உட்கார்ந்த பிறகு அம்மா என் தாளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, “அப்பளம் எங்கே?” என்று கேட்டார். அதை எழுத நான் மறந்திருந்தேன்.